விரல் அசையாதபோதும் எழுதலாம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, புறநோயாளர் பிரிவு மூடும் நேரத்தில், ஒரு பெண்மணி தம் கணவரைப் படுக்கைவண்டியில் அழைத்து வந்தார். கணவர் தையல் தொழிலாளி. ஐம்பது வயதைக் கடந்தவர். இயக்க நரம்பணு நோய் முதலில் அவருடைய கைகளையும், பிறகு கால்களையும், இறுதியில் நாவையும் செயலிழக்கச் செய்திருந்தது. தொண்டையில் மூச்சுக்குழாய்; அருகில் சிறிய சுவாசக் கருவி. பேச்சு நின்று ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அறிவும் நினைவும் செவியும் மட்டும் குறைவின்றி இருந்தன.

அந்த அம்மையார் என்னிடம் கூறியதை இன்றும் மறக்க இயலவில்லை. “இவர் புருவத்தை மட்டும் தூக்குகிறார், டாக்டர். ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை. ஆனால் நான் கேட்கிற கேள்விக்குத்தான் இவரால் பதில் சொல்ல முடிகிறது. நான் கேட்க மறந்ததை இவர் எப்படிச் சொல்வார்?”

மருத்துவமனைக்கு வரும் பல குடும்பங்களின் கேள்வி இது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றோர், மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கியோர், தசைச் சிதைவு நோயுற்ற இளைஞர்கள், இயக்க நரம்பணு நோயாளிகள் ஆகியோர்க்கெல்லாம் கையைப் பயன்படுத்தாமல் கணினியையோ கைப்பேசியையோ இயக்கும் வழி தேவைப்படுகிறது. அவ்வழிகளுள் ஒன்று, தசைகளில் தோன்றும் மின்குறிப்பைத் தோலின் மேலிருந்தே பதிந்து, அதனை ஒரு பொத்தானைப்போல் பயன்படுத்துவது. அது எவ்வாறு இயங்குகிறது, யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது, வீட்டில் கவனிப்போர் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

தசைக்குள் என்ன நிகழ்கிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் விரல்களைக் காதுக்குச் சற்றுக் கீழே, தாடையின் மூலையில் மெதுவாக வைத்துக்கொண்டு பற்களை இறுகக் கடியுங்கள். விரலடியில் ஒரு தசை உருண்டு எழுவதை உணரலாம். இப்போது மிக மெதுவாக, பற்கள் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு கடியுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவ்விடத்தில் மின்முனைகளை ஒட்டியிருந்தால், கருவியின் திரையில் ஒரு சிறு அலை எழுந்து அடங்குவதைக் காணலாம். இந்தப் பாடம் முழுவதற்கும் அடிப்படை இதுவே: அசைவு கண்ணுக்கும் கைக்கும் தெரியாதபோதும் மின்குறிப்பு இருக்கக்கூடும்.

மூளை ஒரு கட்டளையை இடும்போது, அது நரம்பின் வழியே மின்துடிப்பாகப் பயணம் செய்து தசையை அடைகிறது. தண்டுவடத்திலோ மூளைத்தண்டிலோ உள்ள ஓர் இயக்க நரம்பணு, தன் கிளைகளால் பல தசை நார்களைத் தன் ஆளுகையில் வைத்திருக்கிறது. அந்த நரம்பணுவையும் அதற்குரிய நார்களையும் சேர்த்து இயக்க அலகு என்கிறோம். கண்ணை நுட்பமாக அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குச் சுமார் பத்து நார்களே இருக்கும்; கெண்டைக்காலின் பெரிய தசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கும். நரம்பணு ஒருமுறை துடித்தால் அதன் நார்கள் அனைத்தும் ஒன்றாகத் துடிக்கும். ஆகவே தசை என்பது நரம்பின் மெல்லிய குரலைப் பெரிதாக்கித் தரும் ஒலிபெருக்கிபோலவும் செயற்படுகிறது. மூளைக்குள் எதனையும் பொருத்தாமல், அறுவை ஏதுமின்றி, நரம்பின் கட்டளையை நாம் தோலின்மேல் கேட்க முடிவது இதனால்தான்.

இத்துறை புதியதன்று. ஜெர்மானிய உடலியல் அறிஞர் எமில் டு புவா ரேமோன் 1849-ஆம் ஆண்டளவில், மனிதர் விரும்பிச் செய்யும் தசைச் சுருக்கத்தில் மின்னோட்டம் எழுவதை மெய்ப்பித்தார். அக்காலத்துக் கருவிகளின் உணர்திறன் குறைவு. தோலின் தடையைத் தாண்டுவதற்காகக் கையில் கொப்புளம் உண்டாக்கி மேல்தோலை நீக்க வேண்டியிருந்தது. 1929-இல் ஏட்ரியனும் பிராங்கும் நுண்ணிய ஊசி மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, ஓர் இயக்க அலகின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டனர். நரம்பியல் துறையில் உங்களுக்கு ஊசி வழியே ஈ.எம்.ஜி. சோதனை செய்யப்பட்டிருந்தால், அப்போது கேட்ட ‘டப் டப்’ ஓசை அந்த மரபில் வந்ததே. 1963-இல் ஜான் பாஸ்மஜியான் என்ற உடற்கூற்று அறிஞர் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். தம் தசையின் துடிப்பைக் காதால் கேட்கவும் திரையில் காணவும் வாய்ப்பளித்தால், சாதாரண மனிதர்கள் ஒரே ஓர் இயக்க அலகைத் தனியே இயக்கவும் நிறுத்தவும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அது. சிலர் மேளம் அடிப்பதுபோன்ற தாளங்களையும் எழுப்பினர். ‘அவருக்கு அந்தத் தசையில் உயிரே இல்லை, டாக்டர்’ என்று யாரேனும் சொல்லும்போது எனக்குப் பாஸ்மஜியானின் நினைவு வரும். கேட்கக் கொடுத்தால் உடல் கற்றுக்கொள்கிறது.

மிகச் சிறிய குறிப்பு, மிகப் பெரிய இரைச்சல்

தோலின்மேல் கிடைக்கும் இந்த மின்குறிப்பு மிகச் சிறியது. ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்ரோவோல்ட். மெல்லிய முயற்சியில் சில பத்து மைக்ரோவோல்ட்டுகளும், பலமான சுருக்கத்தில் சில ஆயிரம் மைக்ரோவோல்ட்டுகளும் கிடைக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறிய பேட்டரியில் இருப்பதோ பதினைந்து இலட்சம் மைக்ரோவோல்ட். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிகளில் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த இரைச்சலை நம் உடலும் வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் இந்த இரைச்சலுக்கிடையே தசையின் மெல்லிய குறிப்பை எவ்வாறு பிரித்தெடுப்பது? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறும்போது இருவர் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள் என்று கொள்வோம். இருவர் காதிலும் ஒலிபெருக்கியின் சத்தம் ஒரே அளவில்தான் விழும். ஆனால் ஒருவரின் காதருகே குழந்தை ஏதேனும் முணுமுணுத்தால் அது அவருக்கு மட்டுமே கேட்கும். இருவர் கேட்டதையும் ஒப்பிட்டு, பொதுவானதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது குழந்தையின் குரல். தசையின்மேல் இரண்டு மின்முனைகளை ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டி, எலும்பு மேடான வேறோர் இடத்தில் மூன்றாவதை ஒட்டுவது இதற்காகவே. கருவி முதலிரண்டின் வேறுபாட்டை மட்டும் பெருக்குகிறது. பிறகு அந்த அலையை நொடிக்கு ஆயிரம் முறை அளவில் அளந்து, மேடுபள்ளங்களைச் சமன்செய்து, ஒரே ஒரு ஏறியிறங்கும் கோடாக மாற்றுகிறது.

அந்தக் கோடு நாம் வகுத்த ஓர் எல்லையைத் தாண்டினால் ‘பொத்தான் அழுத்தப்பட்டது’ என்று கணினி பொருள்கொள்ளும். எடுத்துக்காட்டாக, ஓய்வில் 5 மைக்ரோவோல்ட்டும் இலேசான முயற்சியில் 40 மைக்ரோவோல்ட்டும் வருகின்றன எனில் எல்லையை 15 அல்லது 20-இல் வைக்கலாம். இங்குதான் பலரும் தவறு செய்கிறார்கள். முழுப் பலத்துடன் முயன்றால் மட்டுமே தாண்டக்கூடிய உயரத்தில் எல்லையை வைத்துவிடுகிறார்கள். நோயாளி பத்து நிமிடங்களில் களைத்துப்போகிறார். ‘இது இவருக்கு ஒத்துவராது’ என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடுகிறது. எழுதுவதற்குத் தேவை பலம் அன்று. விரும்பிய கணத்தில் இலேசாகச் சுருக்கி, உடனே முழுவதும் தளர்த்தும் திறனே தேவை. சுருக்குவதைவிடத் தளர்த்துவதைக் கற்பிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் ஐயம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். இக்கருவி உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. உடலிலிருந்து வருவதைக் கேட்பது மட்டுமே இதன் வேலை. இயன்முறை மருத்துவத்தில் தசையைத் தூண்டுவதற்காக மின்சாரம் பாய்ச்சும் கருவி வேறு, இது வேறு. ஆகவே இது நோயைக் குணப்படுத்துவதும் இல்லை. ‘இதனை ஒட்டிக்கொண்டால் கை வந்துவிடும்’ என்று எவரேனும் கூறி விற்க முயன்றால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எந்தத் தசை?

கழுத்தில் தண்டுவடம் முறிந்தவருக்குக் கை கால்கள் செயலிழந்தபோதும் முகம் ஏன் தப்புகிறது என்று உறவினர்கள் வியப்பதுண்டு. காரணம் எளிது. நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றின் நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து நேரே புறப்படுகின்றன. அவை கழுத்துத் தண்டுவடத்தின் வழியே இறங்கி வருவதில்லை. தோள்பட்டையைத் தூக்கும் தசைக்கும் பெரும்பகுதி இத்தகைய தனி நரம்பு ஒன்றே கட்டளை தருவதால், கழுத்தின் மேற்பகுதிக் காயத்திலும் அத்தசை ஓரளவு மிஞ்சுவதுண்டு. எனவே தண்டுவடக் காயமுற்றோர்க்குப் புருவம், தாடை, தோள் என்று தேர்ந்தெடுக்கப் பல இடங்கள் உள்ளன. இயக்க நரம்பணு நோயில் அவ்வாறு ஒரே விதி சொல்ல இயலாது. ஒருவருக்கு நெற்றி, மற்றொருவருக்குக் கட்டைவிரலின் அடித்தசை. கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் நெடுங்காலம் தப்பி நிற்கின்றன. அந்நோய் நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்று தேர்ந்தெடுத்த இடத்தை ஆறு மாதங்களில் மாற்ற நேரலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளர்கள் பல இடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு குழுவினர் 2000-ஆம் ஆண்டில், நெற்றியிலும் நெற்றிப்பொட்டுகளிலும் ஒட்டிய மின்முனைகளைக் கொண்டு கணினித் திரையின் அம்புக்குறியை நகர்த்தும் முறையை வெளியிட்டனர். கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் 2010-இல், காதுக்கு அருகிலுள்ள ஒரே ஒரு தசையின் குறிப்பிலிருந்தே அம்புக்குறியை இரு திசைகளிலும் செலுத்த மனிதர்களைப் பழக்கினர். சில சிறுவர்கள் வேடிக்கைக்காகக் காதை அசைத்துக் காட்டுவார்களே, அந்தத் தசைகளில் ஒன்று அது. வேறு எந்த வேலையும் இல்லாததால் மெல்லும்போதும் பேசும்போதும் குறுக்கிடாது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2016-இல் காதசைவால் மின் சக்கர நாற்காலியைச் செலுத்தும் முறையையும் காட்டினர். வீட்டில் யாரேனும் காதை அசைக்கும் வித்தை தெரிந்தவர் இருந்தால் இனி அவரை ஏளனம் செய்ய வேண்டாம்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கை முற்றிலும் அசையாத தண்டுவடக் காயமுற்ற ஒருவரின் முன்கையில், ஏராளமான மின்முனைகள் பதித்த உறையை அணிவித்து, ஒவ்வொரு விரலையும் மடக்க முயலுமாறு கூறினர். விரல்கள் அசையவில்லை. ஆனால் சில இயக்க அலகுகள் துடித்தன. எந்த விரலை மடக்க முயல்கிறார் என்பதைக் கணினி பெருமளவு பிரித்தறிந்தது. முறிந்த பாதையில் சில இழைகள் எஞ்சியிருந்தன என்பதே இதன் பொருள். எல்லா நோயாளர்க்கும் இவ்வாறு எஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. எனினும் ‘முழுச் செயலிழப்பு’ என்று நோயேட்டில் எழுதியிருந்தால், அந்தக் கையைச் சோதிக்காமலே விட்டுவிடுவதை நான் அதன்பின் நிறுத்திவிட்டேன்.

2025-இல் மெட்டா நிறுவனத்தார் நேச்சர் இதழில் வெளியிட்ட மணிக்கட்டுப் பட்டையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். பல ஆயிரம் பேரின் தசைக் குறிப்புகளைக் கொண்டு பழக்கிய அக்கருவி, புதிதாக அணிபவரின் கையெழுத்து அசைவுகளையும் தனிப் பயிற்சியின்றிப் புரிந்துகொண்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொற்களை எழுதியது. பெரும் சாதனைதான். ஆனால் அந்த வேகம் விரல்களை நன்கு அசைக்கக்கூடியோரின் வேகம் என்பதை மறவாதீர்கள். நம் நோயாளிகளிடம் அது எவ்வளவு பயன்தரும் என்பதைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

ஸ்டீபன் ஹாக்கிங் பற்றியும் ஒரு சொல். அவர் கன்னத் தசையால் கணினியை இயக்கினார் என்பது உண்மை. ஆனால் அவருடைய மூக்குக்கண்ணாடியில் இருந்தது கன்னத்தின் அசைவைக் காணும் அகச்சிவப்பு உணரி. அது அசைவைப் பார்க்கிறது, ஈ.எம்.ஜி. மின்குறிப்பைக் கேட்கிறது. அசைவு தெரிகிற வரையில் முதல்வகையே எளிது, மலிவு. அசைவு மங்கிய பிறகு இரண்டாம்வகைக்கு வேலை வருகிறது.

ஒரே ஒரு பொத்தானால் தமிழ் எழுதுவது

பொத்தான் ஒன்றுதான், எழுத்துகளோ 247. எப்படி எழுதுவது? ‘வருடல்’ முறை என்று ஒன்று உண்டு. திரையில் எழுத்துகள் கட்டங்களாக இருக்கும். வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை ஒளிரும்போது தசையைச் சுருக்க வேண்டும். பிறகு அவ்வரிசையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய கட்டத்தில் மறுபடியும் சுருக்க வேண்டும்.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யை உண்டாக்கிவிடும் என்பதால் 31 கட்டங்கள் போதும். புள்ளி, இடைவெளி, அழிப்பான் ஆகியவற்றையும் சேர்த்து ஆறுக்கு ஆறாக 36 கட்டங்களுள் அடக்கிவிடலாம். கட்டத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால், ஒரு கட்டத்தை அடைய வரிசைக்கு மூன்றரை நொடி, பிறகு கட்டத்துக்கு மூன்றரை நொடி, ஆகச் சராசரியாக ஏழு நொடிகள். தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘தண்ணீர்’ என்பதற்கு த, ண, ண, ஈ, ர, புள்ளி என்று ஆறு அழுத்தங்கள். அதாவது 42 நொடிகள். தாகத்தில் இருப்பவருக்கு அது நீண்ட நேரம். அதே ‘தண்ணீர்’ என்ற சொல் முழுவதும் முதல் வரிசையின் முதல் கட்டத்தில் இருந்தால் இரண்டே நொடிகள்.

ஆகையால் பலகையை அமைக்கும்போது குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது அகரவரிசையை அன்று. ஒரு நாளில் அவருக்கு அடிக்கடி எவை தேவைப்படுகின்றன? ‘சளியை எடு’, ‘புரட்டிப் படுக்க வை’, ‘வலிக்கிறது’, ‘கொசு’, ‘விளக்கை அணை’ என்பன முதல் வரிசையில் வரவேண்டும். அதற்கடுத்து, அடிக்கடி வரும் எழுத்துகள் மேலே, இடப்பக்கம். பிரான்சில் ழான் தொமினிக் போபி என்ற இதழாசிரியர், 1995-இல் பக்கவாதத்தால் உடல் முழுவதும் செயலிழந்த நிலையில், இடக்கண் இமைப்பால் மட்டுமே ஒரு நூலை எழுதுவித்தார். அவர் கணினியே பயன்படுத்தவில்லை. அடிக்கடி வரும் எழுத்துகள் முதலில் வருமாறு அமைத்த ஒரு வரிசையை எதிரில் இருப்பவர் வாய்விட்டுப் படிப்பார். வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். அட்டையில் எழுதிய அத்தகைய தமிழ்ப் பலகை ஒன்று உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருக்கட்டும். மின்சாரம் நின்றாலும் அது நிற்காது.

தையல் தொழிலாளிக்கு வருவோம். கண்ணசைவைப் பின்தொடரும் கருவியை முதலில் முயன்றோம். அரைமணியில் கண்கள் எரிந்து நீர் வடிந்தது. பிறகு வலப்புருவத்துக்கு மேல் மின்முனைகளை ஒட்டினோம். மூன்று வாரங்கள், நாளுக்கு இருமுறை, பதினைந்து நிமிடங்கள் பழகினார். அவர் முதன்முதலில் தாமாக எழுதியது என்னவாக இருக்கும் என்று வீட்டில் அனைவரும் ஆவலோடு காத்திருந்தார்கள். மகள் கைப்பேசியில் படம்பிடிக்கவும் ஆயத்தமாக நின்றார். அவர் எழுதியது: ‘ஃபேன் குறை குளிர்’. ஐந்து மாதங்களாக இரவெல்லாம் மின்விசிறி முழு வேகத்தில் அவர் முகத்துக்கு நேரே சுழன்றிருக்கிறது. புழுக்கமாக இருக்குமே என்ற அக்கறையால் வைத்தது. வலிக்கிறதா, பசிக்கிறதா, மலம் கழிக்க வேண்டுமா என்று நாள்தோறும் கேட்ட மனைவி, குளிர்கிறதா என்று மட்டும் கேட்டதில்லை. அந்த அம்மையார் அழுதார். நானும் அவரைப் பலமுறை பரிசோதித்தவன், நானும் கேட்டதில்லை.

முதலில் எதனை முயல்வது?

என் துறை இது என்பதற்காக எல்லோர்க்கும் இதனையே பரிந்துரைக்க மாட்டேன். குரல் தெளிவாக உள்ளவர்க்குக் குரலால் இயக்குவதே எளிது. ஏதேனும் ஒரு விரலோ முழங்கையோ தலையோ ஒரு பொத்தானை அழுத்த முடியுமெனில், சில நூறு ரூபாய்ச் செலவில் பொத்தான் போதும். இக்காலத்து ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆகியவற்றில் ஒற்றைப் பொத்தானால் திரையை வருடும் வசதி இலவசமாகவே உள்ளது. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் முன்பக்கக் கேமராவின் வழியே, புன்னகைத்தல், புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல் ஆகியவற்றையும் பொத்தானாக ஏற்கின்றன. நகையை அடகு வைத்து வெளிநாட்டுக் கருவி வாங்குவதற்கு முன், வீட்டிலிருக்கும் கைப்பேசியில் இதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அசைவு மிக நுண்ணியதாகிவிட்டவர்க்கும், இருட்டிலும் ஒருக்களித்துப் படுத்த நிலையிலும் அழைக்க வேண்டியவர்க்கும், கேமராவோ கண்ணசைவுக் கருவியோ ஒத்துவராதவர்க்குமே ஈ.எம்.ஜி. வழி உரியது.

காலம் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நான் பட்டமேற்படிப்பு முடித்த புதிதில், இயக்க நரம்பணு நோயுற்ற ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். அப்போது அவரால் குழறியேனும் பேச முடிந்தது. ‘இப்போதே இதைப்பற்றிச் சொன்னால் மனம் உடைந்துவிடுவார்’ என்று குடும்பத்தார் தடுத்தனர், நானும் இசைந்தேன். எட்டு மாதங்கள் கழித்து அவர் வந்தபோது, புதிய ஒன்றைப் பழகும் அளவுக்கு உடலில் தெம்பில்லை. தம் மகனிடம் சொல்ல விரும்பிய ஏதோ ஒன்றைச் சொல்லாமலே போனார் என்பதை மட்டும் அவர் கண்களில் கண்டேன். அந்தத் தவறு என்னுடையது. இப்போது நோய் உறுதியானவுடனேயே, நோயாளியிடமே, பேசிவிடுகிறேன். குரல் இருக்கும்போதே தம் குரலில் சில சொற்களைக் கைப்பேசியில் பதிந்து வைக்கவும் சொல்கிறேன்: பேரப்பிள்ளையின் பெயர், வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர்கள், அவர் வழக்கமாகத் திட்டும் சொல் உட்பட.

கவனிப்போர் அறிய வேண்டியவை

மின்முனை ஒட்டும் இடத்தில் எண்ணெய், பவுடர், சந்தனம், திருநீறு எதுவும் இருக்கலாகாது. நெற்றியில் திருநீறு இடும் வழக்கமுள்ளோர் அதனைக் கழுத்திலோ மார்பிலோ இட்டுக்கொள்ளலாம். இதில் மனவருத்தம் கொள்ளாதவர்களே மிகுதி. ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பின் ஒட்டுங்கள். ஆடவர்க்குத் தாடைப் பகுதியில் மழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் ஒட்டுவதற்காக முதல் நாளே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் விலகினாலும் முந்தைய நாளின் எல்லை பொருந்தாமல் போகும். எடுத்த பின் தோலைப் பாருங்கள். உணர்ச்சியற்ற பகுதியில் தோல் சிவந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. சிவப்பு மறையும்வரை அங்கே மறுபடியும் ஒட்டக்கூடாது.

தாடைத் தசையைப் பயன்படுத்துவோர் உணவு வேளையிலும், இருமும்போதும், கொட்டாவியின்போதும் தவறான அழுத்தங்களைப் பெறுவர். அப்போது கருவியை நிறுத்தி வையுங்கள். காயத்துக்குக் கீழுள்ள கை கால் தசைகளில் திடீர் இறுக்கம் உள்ளவர்க்கு அத்தசைகள் தாமாகவே பொத்தானை அழுத்திவிடும்; அவ்விடங்களைத் தவிர்ப்பது நலம். மின்விசிறி, தூண்டு மெத்தை, மின்னேற்றி ஆகியவற்றின் கம்பிகள் மின்முனைக் கம்பியோடு பின்னிக் கிடந்தால் இரைச்சல் கூடும். பயிற்சிக்குக் காலை வேளை ஏற்றது. தசை களைத்தால் குறிப்பின் இயல்பே மாறிவிடுகிறது. தவறுகள் பெருகத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், கடிந்துகொள்ளாதீர்கள்.

இரவில் உதவிக்கு அழைக்க இக்கருவியை மட்டுமே நம்பவே கூடாது. பேட்டரி தீரலாம், மின்முனை கழன்றுவிடலாம். சுவாசக் கருவியில் இருப்பவர் அருகில் ஒருவர் உறங்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஒவ்வோர் இரவும் விளக்கை அணைக்குமுன் ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றினும் கடினமானது காத்திருப்பது. அவர் ‘வ’ என்று எழுதியவுடன் ‘வலியா? வயிறா? வெளியே போகணுமா?’ என்று மூவர் மூன்று பக்கமிருந்து கேட்பதை நாள்தோறும் காண்கிறேன். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் எழுதிக்கொண்டிருந்ததை விட்டு நம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதாகிறது. மறுபடியும் நம் கேள்விக்குள்ளேயே அவரை அடைத்துவிடுகிறோம். கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். அவர் எழுதி முடிப்பது நாம் எதிர்பார்த்ததாக இராது. சில வேளை நமக்கு உவப்பானதாகவும் இராது. சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் எழுதியதுண்டு. தம் நிலத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மற்றொருவர் எழுதியதுண்டு. அவை அவர்களின் சொற்கள். மருத்துவ முடிவுகள் பற்றியவை எனில், நோயாளி எழுதும்போது நானும் உடனிருக்க விரும்புகிறேன். அவசரமின்றி, இருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வோம்.

இத்தகைய மதிப்பீட்டுக்கு வர விரும்புவோர் முன்பதிவு செய்து, ஒரு மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். பழைய ஈ.எம்.ஜி. அறிக்கை இருந்தால் அதனையும், வீட்டில் பயன்படுத்தும் கைப்பேசியையும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருப்பின் அதனையும் கொண்டுவாருங்கள். அரசு உதவிகளைப் பற்றி எங்கள் சமூகப் பணியாளர் விளக்குவார். வருவதற்கு முன் ஒரு வாரம், அவர் தாமாக எந்தெந்த அசைவைச் செய்கிறார், காலையிலா மாலையிலா என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். வரும் நாளன்று முகத்தில் எண்ணெய் பூச வேண்டாம்.